விரல் பட்ட இசைத்தட்டுகள்

1979ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம், பினாங்கு ரோப் வாக் தெருவில் பழைய இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த அம்பிகைபாகனின் கடைக்கு ஒரு தட்டு திரும்பி வந்தது. இரண்டாம் பாட்டு முடிந்து மூன்றாம் பாட்டு தொடங்குவதற்குள், அந்தத் தட்டில் ஒரு சிறுமி ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள். ஏழெட்டு வந்ததும் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவள் அம்பிகைபாகனின் மகள் சந்திரிகா. முந்தின ஆண்டு மழைக்காலத்தில், பத்து வயதில், டெங்கிக் காய்ச்சலில் இறந்துபோனவள். தட்டைத் திருப்பிக் கொண்டுவந்த சூலியா ஸ்திரீட் துணிக்கடை சீனி முகம்மதுவுக்கு இது எதுவும் தெரியாது. அவருடைய குறை வேறு.

"பாகண்ணே, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஒரு புள்ள வந்து ஏதோ கணக்கு ஒப்பிக்குது. வூட்டுல பொம்பளைங்க பயப்படுறாங்க லா."

"உங்க மெஷின் ரேடியோவை இழுக்குது, பாய்," என்றார் அம்பிகைபாகன். "பள்ளிக்கூட ஒலிபரப்பா இருக்கும்." மலிவான பாட்டுப் பெட்டிகளில் அப்படி நடப்பது உண்டுதான். ஆனாலும் அவர் வாதாடவில்லை. தட்டை வாங்கி வைத்துக்கொண்டு வேறொன்று கொடுத்து அனுப்பினார்.

அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தா வம்சம். அப்பா ரயில்வேயில் எழுத்தர், சித்தப்பாமார் மருத்துவமனையிலும் தபால் நிலையத்திலும் எழுத்தர்கள், அத்தைகள் எல்லாரும் ஆசிரியைகள். இவரும் ஒரு கப்பல் கம்பெனியில் மேசை நாற்காலியோடுதான் இருந்தார். அதை விட்டுவிட்டு, ஊரார் கேட்டுச் சலித்த பாட்டுகளை விற்கப் போனதைச் சொந்தக்காரர்கள் மன்னிக்கவே இல்லை. கல்யாண வீடுகளில் அவரை யாரிடமாவது அறிமுகம் செய்யும்போது 'வியாபாரம்' என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். மலாய்க்காரர்கள் அக்கரை ஊரான பட்டர்வொர்த்தை பாகான் என்று சொல்வதால், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாகான், இந்தப் பக்கம் ஒரு பாகன் என்று ரோப் வாக்கில் அவரைக் கேலி செய்வார்கள். ஆனால் தரம் பார்ப்பதில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. குமாஸ்தாவின் கறார் அத்தனையும் அதில் இறங்கியிருந்தது.

கடையின் நடுவில் வயரில் தொங்கும் ஒரு குண்டு பல்ப். அதன் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சுற்றுவார். கீறல் தெரிந்தால் நகத்தால் தடவுவார்; நகத்தில் தட்டுப்படும் கீறல் பாட்டிலும் தட்டும், தட்டுப்படாதது கண்ணுக்கு மட்டும்தான். நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். பெட்டியின் நடுமுள்ளில் துளையைப் பொருத்தத் தடவித் தடவித் தேடியவர்கள் விட்டுச்செல்லும் கோடுகள் அவை, ஒரு தட்டு எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதை அவற்றால் மறைக்க முடியாது. பிறகு பென்சிலால் ஒரு வட்டக் காகிதத்தில் தரத்தை எழுதி உறையில் ஒட்டுவார். மிண்ட் என்றால் ஊசியே படாதது. வெரி குட் என்றால் சுமார். குட் என்றால், வீட்டில் விருந்தாளி இல்லாதபோது போட்டுக் கேட்கலாம். அதற்குக் கீழே உள்ள ஃபேர், பூவர் இரண்டும் வாங்குகிறவரின் தைரியத்தைப் பொறுத்தவை. மற்ற கடைக்காரர்கள் எல்லாவற்றிலும் ஒரு படி ஏற்றித்தான் எழுதுவார்கள். அம்பிகைபாகன் தன் வாழ்நாளில் ஒரு தட்டுக்கும் பொய்த் தரம் எழுதியதில்லை.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கழுவாத தட்டைத் தரம் பார்க்க மாட்டார். வாங்கியதும் முதல் வேலை, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் தட்டை முக்கி, மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்து, நிழலில் காயவைப்பதுதான். திரும்பி வந்த தட்டுக்கும் அதே மரியாதை. சந்திரிகா பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்குத்தான் வருவாள். சர்க்கரைப் பாகில் ஊறிய ஜாதிக்காயைத் தின்றுகொண்டே, அந்தக் கையோடு தட்டுகளை உருவி உருவிப் படம் பார்ப்பாள். 'விளிம்பிலே பிடி, வரியிலே கை வைக்காதே' என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. ஒருமுறை பென்சிலால் அவள் விரல் கணுவில் தட்டியும் இருக்கிறார். அவள் வீட்டுக்குப் போன பிறகு, அந்தப் பிசுபிசுத்த ரேகைகளையெல்லாம் தேடித் தேடிக் கழுவுவார். பார்க்காமல் விட்டது மட்டும் அப்படியே விற்றுப்போகும்.

சீனி முகம்மதுவின் தட்டையும் அவர் கழுவினார். காய்ந்ததும் போட்டுப் பார்த்தார். இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் நடுவில் பரிசுத்தமான மௌனம். அழுக்குப் போனதால் தரம் கூடியிருந்தது, ஆகவே நியாயமாக ஒரு படி உயர்த்தி எழுதினார். அடுத்த மாதம் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு நர்ஸ் இன்னொரு தட்டோடு வந்தாள். பிறகு ஒரு சீனர், தன் தட்டில் ஒரு பெண்பிள்ளை தனக்குப் புரியாத மொழியில் யாரிடமோ குடை கேட்பதாகவும், குரல் என்னவோ இனிமையாகத்தான் இருப்பதாகவும் சொல்லிவிட்டு, ஆனால் தான் வாங்கியது வயலின் மட்டும் என்று வருத்தத்தோடு நீட்டினார். அம்பிகைபாகன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார், எல்லாவற்றையும் வாங்கினார், எல்லாவற்றையும் கழுவினார். கழுவிய பிறகு எதிலும் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லார் பெட்டியும் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுசெய்தார்.

அவர் வீடு டத்தோ கெராமாட் பக்கம் லோரோங் எனப்படும் ஒரு சிறு சந்தில், பலகைச் சுவர் பொதுவாக உள்ள வரிசை வீடுகளில் ஒன்று. மனைவி செல்வநாயகி பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பாள். மகள் போன பிறகு, பத்து வயதுப் பிள்ளையின் அளவுக்கு வரும் துணிகளை மட்டும் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவாள். கடை அடைத்திருந்த ஒருநாள், அதே லோரோங்கில் குடியிருந்த ஒருவர் குறை சொல்லி ஒரு தட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்ன குறை என்று பார்க்கலாமே என்று அவள் அதைக் கழுவாமல் பெட்டியில் வைத்து ஊசியை இறக்கினாள். அம்பிகைபாகன் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, செல்வநாயகி தரையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கட்டிப் பிடித்திருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து சந்திரிகாவின் குரல், ரிப்பன் காணவில்லை என்று யார் மீதோ குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது. பிறகு அடுத்த பாட்டு வந்து அதை மூடிவிட்டது.

செல்வநாயகி ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "இதுக்கு முந்தியும் திரும்பி வந்ததெண்டு சொன்னனீங்கள். அதுகளை என்ன செய்தனீங்கள்?"

"கழுவினனான்."

"எல்லாத்தையுமோ?"

"கழுவாமல் எப்படித் தரம் பாக்கிறது?" என்றார் அம்பிகைபாகன். இதைச் சொன்ன வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம் என்று பிற்காலத்தில் அவர் பலமுறை நினைத்ததுண்டு. செல்வநாயகி எழுந்து அடுக்களைக்குப் போனாள். 'இஞ்சாருங்கோ' என்று அவரைக் கூப்பிடுவது அன்றோடு நின்றது.

அந்தக் குரலின் ஒழுங்குகள் சீக்கிரமே தெரிந்துவிட்டன. சந்திரிகாவின் விரல் எங்கே பட்டதோ, அங்கே அவள் குரல் இருந்தது. விரல் எவ்வளவு பதிந்ததோ அவ்வளவு நேரம் பேசினாள். முதல் முறை தெளிவாகக் கேட்கும். ஊசி அந்தப் பிசுக்கை வாரிக்கொண்டு போவதால் இரண்டாம் முறை மெலிந்துவிடும், மூன்றாம் முறை வெறும் சரசரப்புதான். கேசட்டில் பிடித்துவைக்கவும் பார்த்தார்கள். பாட்டு பதிந்தது, பிள்ளை பதியவில்லை. ஆகவே ஒவ்வொரு ரேகையையும் ஒருமுறைதான் உருப்படியாகக் கேட்க முடியும். கடையில் இருந்த தட்டுகள் அத்தனையும் கழுவப்பட்டிருந்தன, கண்ணாடியாகப் பளபளத்தன, அவற்றில் ஒன்றுமே இல்லை. பிள்ளை உயிரோடு இருந்த காலத்தில் கண்ணுக்குத் தப்பி விற்றுப்போனவைதான் மிச்சம். அவை தீவிலும் அக்கரையிலும் யார் யார் வீட்டிலோ கிடந்தன.

அம்பிகைபாகன் தேடப் புறப்பட்டார். ஃபெரி ஏறி அக்கரை போனார், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர்களை வழிமறித்துக் கேட்டார், வாடிக்கையாளர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டினார். இருபது வருஷம் அழுக்கைக் கண்டால் முகம் சுளித்த மனிதர், இப்போது தட்டைப் பல்பின் கீழே சாய்த்து, மங்கலாக ஒரு விரல் தடம் தெரிந்தால் உடனே பணத்தை எடுத்து நீட்டினார். மிண்ட் தட்டை நீட்டினால் எரிச்சலோடு தள்ளிவிட்டார். பாகன் அழுக்குக்குத்தான் விலை கொடுக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. சிலர் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் காயா ஜாமைத் தடவித் தட்டில் ஒற்றி எடுத்து வந்து விற்றார்கள். அவற்றைப் போட்டால், 'அங்கிள், எங்கப்பாதான் தொடச் சொன்னாரு' என்று பிள்ளைகள் கூச்சத்தோடு உண்மையைச் சொல்லிவிட்டன. வேறொரு தட்டில் யாரென்று தெரியாத ஒரு பெண் விம்மிக்கொண்டிருந்தாள். அம்பிகைபாகன் அது வந்த வீட்டைக் கண்டுபிடித்து, மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு வந்தார்.

கிடைத்தது சொற்பம். கிடைத்ததையெல்லாம் செல்வநாயகி, அவர் கடைக்குப் போன நேரத்தில், ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுத் தீர்த்தாள். ஒன்றில் சந்திரிகா யாரையோ தள்ளி உட்காரச் சொன்னாள். ஒன்றில் நீளமாகக் கொட்டாவி விட்டாள். செல்வநாயகி அதே இடத்தில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து, குரல் தேய்ந்து மறைகிற வரைக்கும் விடமாட்டாள். அம்பிகைபாகனுக்கு அது பொறுக்காது. போட்டால் போய்விடும், போடாமல் வைத்தால் இருக்கும் என்பது அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். ஊசி படாத தட்டைவிட உசந்தது அவர் உலகத்தில் எதுவுமில்லை. கேட்காத பிள்ளை இருந்தென்ன, இல்லாமல் போனென்ன என்பது செல்வநாயகியின் பக்கம். இரண்டு பேருமே அந்தப் பிள்ளை மீது உயிரை வைத்திருந்தார்கள் என்பதுதான் இதில் கொடுமை.

1981இல் தாசேக் கெலுகோரில், ரப்பர்த் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அய்யாக்கண்ணுவின் வீட்டுச் சுவரில் அவர் அந்தத் தட்டைக் கண்டார். அய்யாக்கண்ணுவிடம் பெட்டியே கிடையாது; உறையில் இருந்த படம் பிடித்துப்போய் வாங்கி, ஆணியடித்து மாட்டியிருந்தார். உறைக்குள்ளிருந்து தட்டை உருவிப் பார்த்தபோது அம்பிகைபாகன் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் பக்கம் முழுக்க, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஐந்து விரலும் உள்ளங்கையுமாக சந்திரிகாவின் கை. ஊசி ஒருமுறைகூடப் பட்டதில்லை. ஒரு பக்கம் முழுவதும் அவள் பேசியிருக்க வேண்டும்.

அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து செல்வநாயகியிடம் காட்டினார், ஆனால் கையில் கொடுக்கவில்லை. காற்றுப் படாமல் இரண்டு மடிப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஓரங்களை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். இதுதான் கடைசி, இதையும் தேய்த்துவிட்டால் நமக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்று சொன்னார். செல்வநாயகி கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். கடைசியில் அமைதியாக ஒன்று சொன்னாள்.

"என்ரை பிள்ளையைக் கேக்கிற வரைக்கும் எனக்கு வேறை ஒண்டும் கேக்க வேண்டாம்."

அவள் காதுகள் அந்தச் சொல்லை மதித்தன. முதலில் தையல் மெஷினின் சத்தம் போயிற்று, பிறகு ரொட்டிக்காரரின் ஹார்ன், பிறகு கூரை மேல் மழை. அவள் பிணக்கத்தில் பேசாமல் இருக்கிறாள் என்றுதான் அம்பிகைபாகன் நினைத்திருந்தார். 1983 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சாலை முழுக்கத் தேங்காய்கள் சிதறிக்கொண்டிருந்தன, பக்கத்திலேயே உறுமி மேளம் காதைக் கிழித்தது, காவடி எடுத்தவர்கள் வேல் வேல் என்று கத்திக்கொண்டு போனார்கள். செல்வநாயகி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏன் இந்த வருசம் இவ்வளவு அமைதி? ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

டாக்டர்கள் காதில் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அப்போதாவது அவர் அலமாரியைத் திறந்திருக்கலாம். திறக்க நினைத்தும் இருக்கிறார். ஆனால் செவிட்டுக் காதுக்குப் போட்டு, ஒரே ஒரு முறை வரும் குரலை வீணாக்குவதா என்று அவருக்குள் இருந்த வியாபாரி கேட்டான். அவளுக்குக் காது கேட்கட்டும், பிறகு போடலாம் என்றது அவர் கணக்கு. போட்டால்தான் கேட்கும் என்றது அவள் சபதம். இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் போயிற்று.

அந்த வருஷங்களில் கொம்தார் கோபுரம் வளர்ந்து முடிந்தது, அக்கரைக்குப் பாலம் வந்தது, வீட்டுக்கு வீடு கேசட் வந்து, அதைத் துரத்திக்கொண்டு சிடியும் வந்தது. சீனி முகம்மது தன் இசைத்தட்டுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து, "எடைக்காச்சும் எடுத்துக்குங்கண்ணே," என்றார். ரோப் வாக்கில் பாதிப் பேர் பழைய இசைத்தட்டை விட்டுப் பழைய மின்விசிறிக்கு மாறினார்கள். அம்பிகைபாகன் மாறவில்லை. எப்போதாவது வரும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு அதே பல்பின் கீழே, அதே கறாரோடு தரம் எழுதிக் கொடுத்தார். வீட்டில் சைகையாலேயே குடும்பம் நடந்தது. தேநீர் வேண்டுமானால் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுவார்; கடைக்குப் போகும்போது கதவில் கை வைத்து நிற்பார், அவள் தலையசைப்பாள். வெறுப்பு என்று சொல்ல முடியாது. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு பேர், ஒரே பூட்டின் இரண்டு பக்கத்திலும் நின்று கிழடானார்கள்.

1994இல் செல்வநாயகிக்குச் சர்க்கரை முற்றி சிறுநீரகம் பழுதாயிற்று. மருத்துவமனையில் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் பின்னேரம் அவள் கட்டிலில் படுத்தபடி, வருஷக் கணக்கில் அந்தப் பக்கம் காட்டாத கையை நீட்டி அலமாரியைக் காட்டினாள். "நான் போறதுக்கு முந்தி ஒருக்கா போட்டு விடுங்கோ. எனக்குக் கேக்காட்டியும் பரவாயில்லை. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ." அம்பிகைபாகன் முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். அப்போது அவருக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் மழையில் நனைந்த சாக்கின் வாடை வந்தது. பினாங்கின் ஈரக்காற்றில் இசைத்தட்டைப் பிளாஸ்டிக்கில் மூடி வைக்கக் கூடாது என்பது ரோப் வாக்கில் நேற்றுக் கடை போட்டவனுக்கும் தெரியும். அம்பிகைபாகனே ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அதைச் சொல்லித்தான் தட்டைக் கையில் கொடுப்பார். தன் மகள் என்று வந்தபோது மட்டும், காற்று பட்டால்கூடக் கரைந்துவிடுவாளோ என்ற பயத்தில், தொழிலில் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. இரண்டாம் பக்கத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது. அது தட்டு முழுக்கப் பரவவில்லை. ஜாதிக்காய்ப் பாகு எங்கே இருந்ததோ அதை மட்டும் தின்று, ஐந்து விரலும் ஓர் உள்ளங்கையுமாக, வெள்ளை வெளேரென்று ஒரு சிறுமியின் கையாக வளர்ந்திருந்தது. விரல் வைத்ததும் பொடியாக உதிர்ந்தது. அம்பிகைபாகன் எழுதிய எந்தத் தரத்துக்கும் கீழே இருந்தது அந்தத் தட்டு.

ஆனாலும் போட்டார். தகரக் கூரையில் பெருமழை பெய்கிற இரைச்சல். அதற்குள் பாட்டும் இல்லை, பிள்ளையும் இல்லை. செல்வநாயகி தலையணையில் சாய்ந்து அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்லுறாள்?" என்று கேட்டாள்.

வாழ்நாளில் ஒரு தட்டுக்கும் பொய்த் தரம் சொல்லாத மனிதர், உதட்டை மெல்ல மெல்ல அசைத்து, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "உன்னைத்தான் கேக்கிறாள். தலை பின்னிவிட வரச் சொல்லுறாள்."

செல்வநாயகி சிரித்தாள். பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு. அடுத்த நாளும் போடச் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும். அம்பிகைபாகன் தினமும் மாலையில் அந்த இரைச்சலைப் போட்டுவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து, மகள் சொல்வதைச் சொன்னார். பத்து வயதுப் பிள்ளையின் பேச்சு எத்தனை நாளைக்கு வரும்? தீர்ந்துபோனபோது, வேறு வழியில்லாமல் சந்திரிகாவை வளரவிட்டார். அவள் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் தேறினாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசரோடு சண்டை போட்டாள். பஸ்ஸில் ஒருவன் தினமும் இடம் பிடித்துக் கொடுத்தான். ஒரு தட்டுக்குள் இருந்துகொண்டு இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று செல்வநாயகி ஒருநாளும் கேட்கவில்லை. "அந்தப் பொடியனை எனக்குப் பிடிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ," என்பாள். அம்பிகைபாகன் பெட்டிப் பக்கம் திரும்பிச் சொல்வார். "கேட்டாளோ?" என்பாள். "கேக்கிற ஆளே அவள்?" என்பார் இவர். டாக்டர்கள் ஒரு மாதம் சொன்ன உடம்பு, மகளின் கல்யாணப் பேச்சை முடிக்காமல் போக மனமில்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்தது.

1996 கடைசியில், ஒரு மாலை, கல்யாணமான சந்திரிகா உண்டாகியிருக்கிறாள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே செல்வநாயகி இறந்துபோனாள். சொன்னதை அவள் முழுவதும் பார்த்தாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. காரியங்கள் முடிந்தன. சொந்தக்காரர்கள் வந்து, சாப்பிட்டு, கடையை மூடிவிடச் சொல்லி யோசனை கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்பிகைபாகன் பெட்டியை மூடி மேலே துணியைப் போர்த்தினார். பொய்யைக் கேட்க ஆள் இல்லாத வீட்டில் பொய்க்கு வேலை இல்லை. மகள் முதலில் காய்ச்சலில் செத்தாள், பிறகு அவர் கையால் சோப்பு நீரில் செத்தாள், பிறகு பிளாஸ்டிக்கில் செத்தாள், இப்போது அவர் வாயிலும் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சில நாள் கழித்து, விளக்கேற்றும் நேரத்தில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சபூரா வந்து வாசலில் நின்றாள். புருஷனை இழந்தவள், வாழைப்பழ பஜ்ஜியான பிசாங் கோரெங் பொரித்து விற்கிறவள், எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டுச் சும்மா வருகிற ஆள் இல்லை.

"ஏண்ணே, பிளேயர் போடுறதில்லையா இப்பல்லாம்?"

"இனி ஆருக்காகப் போடுறது, தங்கச்சி? அது வெறும் இரைச்சல். அவளுக்காக நான்தான் ஏதோ கதை சொல்லிக்கொண்டு இருந்தனான்."

சபூராவுக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. "நீங்க பேசுனது எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே அண்ணே. உங்க கொரல் சன்னம்லா. அந்தப் பொண்ணு பேசுறதுதான் கேக்கும். பஸ்ஸுல எடம் புடிச்ச பையன், சூப்பர்வைசரு, எல்லாம் அது வாயாலதானே கேட்டோம்? அந்தப் பக்கத்து வூட்டு சீனத்தி கூட, உங்க மக நல்லா சிரிக்குதுன்னு சொல்லும். மாசமா இருக்குற பொண்ணு, என்ன ஆச்சோன்னு கவலையா இருக்கு. போடுங்கண்ணே."

அம்பிகைபாகன் எழுந்து துணியை எடுத்தார். தட்டை விளிம்பில் பிடித்து வைத்து, ஊசியை இறக்கினார். மழை இரைச்சல் எழுந்தது. குனிந்து ஒலிபெருக்கியில் காதை வைத்துப் பார்த்தார், மழைதான். நிமிர்ந்து சபூராவைப் பார்த்தார். அவள் தலையைச் சாய்த்து, பக்கத்து அறையில் பேசுகிறவர்களைக் கவனிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது.

"என்ன சொல்லுறாள்?" என்று கேட்டார் அம்பிகைபாகன்.

"அம்மா ஏன் பேசலைன்னு கேக்குது," என்றாள் சபூரா. "அண்ணே, அதுக்கு யாரும் இன்னும் சொல்லலியா?"

அவர்தான் சொன்னார். பெட்டிக்கு முன்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, உன்னுடைய அம்மா போய்விட்டாள் என்று அந்த இரைச்சலிடம் சொன்னார். இரைச்சல் மாறவில்லை. சபூரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சுவருக்கு அப்பால் சீன வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள், எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. அந்த லோரோங்கில் அன்று மாலை ஓர் இளம்பெண் அழுதது எல்லாருக்கும் கேட்டது. கேட்காத ஒரே ஆள் அவளுடைய அப்பாதான்.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் அவர் தட்டைப் போடுவார். சபூரா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, மகள் என்ன சொன்னாள் என்பதை அவருக்குச் சொல்லுவாள். அதோடு சேர்த்து மீன் விலையும், குழாயில் தண்ணீர் எந்த நாள் நிற்கும் என்பதும். தான் செல்வநாயகிக்குச் செய்ததையே சபூரா தனக்குச் செய்கிறாளோ என்ற சந்தேகம் அவருக்கு வராமல் இல்லை. உலகத்தில் எதையும் பல்பின் கீழே சாய்த்துப் பார்க்காமல் நம்பாத மனிதர் அவர். இதை மட்டும் சாய்த்துப் பார்க்கவில்லை. சபூராவுக்கு ஜூரம் வந்த நாட்களில் சீனத்தி வந்து, தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டுப் போவாள். மறுவருஷம் ஜூனில் சந்திரிகாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சபூரா அந்தச் சந்தோஷத்துக்குப் பச்சைப் புட்டுப் பலகாரம் செய்து லோரோங் முழுக்கக் கொடுத்தாள், அம்பிகைபாகனும் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்.